ஏறுகிறவரின் கால்சட்டைக்கும் ஒரு பங்கு

படகு கரைக்கு வந்து, மீன் விலையாகி, காசு கைக்கு வந்ததும் ஆட்கள் அதை அப்படியே பிரித்துக்கொள்வதில்லை. எண்ணெய்ச் செலவு முதலில் கழியும். பிறகு படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு. மீதிதான் ஆட்களுக்கு. ஊருக்கு ஊர் கணக்கு மாறும். ஆனால் வலைக்கு எதற்குப் பங்கு என்று எந்தக் குப்பத்திலும் யாரும் கேட்க மாட்டார்கள். வலை கிழியும், கிழிந்தால் புதிது வாங்க வேண்டும், அந்தச் செலவு பிடித்த மீனின் விலையிலிருந்தே வர வேண்டும் என்பது பழவேற்காட்டுப் பக்கம் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அதே பழவேற்காட்டில் பனையோலைத் தொழில் ஒன்று இருக்கிறது. குருத்தோலையை வெயிலில் காயவைத்து, கீறி, சாயமேற்றி, பெட்டியும் கூடையும் பின்னுகிறார்கள். முஸ்லிம் வீடுகளிலும் மீனவர் வீடுகளிலும் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து செய்யும் வேலை இது. கல்யாணத் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் கையடக்கப் பெட்டிகள் இங்கிருந்து சென்னைக்குப் போகின்றன. சாயத்துக்கு விலை உண்டு, விறகுக்கு விலை உண்டு, பெட்டியை ஏற்றிப் போகும் ஆட்டோவுக்கு விலை உண்டு. கடைக்காரர் தன் வாடகையையும் பெட்டியின் மேல் வைக்கிறார். எழுபது எண்பது அடி உயரத்தில் ஏறி அந்தக் குருத்தை வெட்டிப் போட்டவர் என்ன உடுத்திக்கொண்டு ஏறினார், அது எத்தனை நாளில் கிழிந்தது என்பது மட்டும் யார் கணக்கிலும் இல்லை. ஊர்ப் பனையில் வெட்டியதானாலும் வெளியூரிலிருந்து கட்டுக்கட்டாக வந்ததானாலும், ஒவ்வொரு ஓலைக்கும் பின்னால் மரத்தில் உராய்ந்த இரண்டு கால்கள் இருக்கின்றன.

அந்தக் கால்களுக்கு ஒரு நல்ல கால்சட்டை வேண்டும். அதற்கான செலவை ஏறுகிறவர் தலையில் மட்டும் கட்டாமல், ஓலையால் பிழைக்கும் எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இந்தத் தலையங்கம் கேட்பது அவ்வளவுதான். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம்.

பனை ஏறுபவரின் காலைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு அப்படித் தெரியாது. தென்னையின் தண்டு ஓரளவு வழவழப்பானது. பனையின் தண்டு அரம். உதிர்ந்த மட்டைகளின் தழும்பு வளையம் வளையமாக நிற்கும். இளமரமானால் மட்டையின் அடிப்பகுதியே வெட்டுப்பட்ட முனையோடு துருத்திக்கொண்டிருக்கும். பாதத்தில் தளை மாட்டி, கைகளால் மரத்தைக் கட்டிப்பிடித்து, முழங்காலை மடக்கி உந்தி ஏறும்போது உடம்பின் பாரம் முழுவதும் நான்கைந்து இடங்களில் விழுகிறது: உள்ளங்கால், கெண்டைக்கால் முன் எலும்பு, முழங்காலின் உள்பக்கம், தொடையின் உள்பக்கம், நெஞ்சு. ஆண்டுக்கணக்கில் ஏறியவர்களின் தொடைத் தோல் காய்த்துக் கறுத்துப்போயிருக்கும். காய்க்கும் வரை அது புண். உச்சிக்குப் போனால் மட்டையின் இரு விளிம்பிலும் கருக்கு, வரிசை வரிசையாக ரம்பப் பல். அதற்கு நடுவே உடம்பைத் திருப்பித்தான் குருத்தை எட்ட வேண்டும். கடந்தையும் தேளும் குடியிருக்கும் இடமும் அதுதான்.

இதற்கு உடுத்துவது என்ன? பெரும்பாலும் மடித்துக் கட்டிய கைலி, உள்ளே ஓர் அரைக்கால் டவுசர். இல்லாவிட்டால் வீட்டில் யாரோ போட்டுத் தள்ளிய பழைய பேன்ட். கைலி காற்றோட்டமானது, மலிவு, கழற்றித் தலைக்குச் சும்மாடாகவும் கட்டிக்கொள்ளலாம். அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் மடிப்பு அவிழ்ந்தால் அதைச் செருக ஒரு கையை மரத்திலிருந்து எடுக்க வேண்டும். எண்பது அடியில் ஒரு கை என்பது சின்னச் சமாச்சாரமல்ல. தொங்கும் முனை கருக்கில் மாட்டினால் இறங்கும்போது இழுக்கும். தொடைக்கோ எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

சரி, பேன்ட் போட்டுக்கொள்ளட்டுமே என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எந்தப் பேன்ட்? ஜீன்ஸ் கெட்டிதான். ஆனால் வேர்வையில் நனைந்ததும் கனத்து, முழங்காலை மடக்க விடாமல் பிடித்துக்கொள்ளும். நாலு தையலும் சந்திக்கும் கவட்டில்தான் முதலில் தெறிக்கும். ஐப்பசி கார்த்திகையில் துவைத்துப் போட்டால் இரண்டு நாளானாலும் இடுப்புப் பட்டி ஈரமாகவே கிடக்கும். டிராக் பேன்ட் மடங்கும், நீளும், உடனே காயும். ஆனால் பாலியெஸ்டர் மரத்தில் வழுக்கும். தொடையின் பிடிமானத்தை நம்பி நிற்பவருக்கு அது ஆபத்து. பத்து ஏற்றத்தில் நூல் நூலாகப் பிரிந்தும்விடும். அலுவலகத்துக்குப் போட்ட பழைய டெரிகாட்டன் பேன்ட்டுக்கு இரண்டு குறையும் உண்டு: வழுக்கவும் செய்யும், மடங்கவும் மடங்காது.

நல்ல கால்சட்டை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு விஞ்ஞானி வேண்டியதில்லை. பொன்னேரிச் சந்தைத் தையல்காரரே போதும், ஏறுகிறவர் பக்கத்தில் நின்று சொன்னால். துணி பருத்தி கூடுதலாகவும் பாலியெஸ்டர் குறைவாகவும் கலந்த டிரில் துணியாக இருக்கட்டும். சதுர மீட்டருக்கு 250 கிராம் அளவில். அது ஜீன்ஸைவிட நன்றாக இலேசு, சட்டைத் துணியைவிட நன்றாகக் கெட்டி. பருத்திதான் மரத்தைப் பிடிக்கும். அந்தக் கொஞ்சம் பாலியெஸ்டர் உராய்வைத் தாங்கவும் சீக்கிரம் காயவும். கவட்டில் நாலு தையலையும் ஒரே புள்ளியில் கொண்டுவந்து முட்டவிடாமல், சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைக்க வேண்டும். பழைய பைஜாமாவில் அந்தத் துண்டு இருந்தது. நாகரிகப் பேன்ட்தான் அதை வெட்டி எறிந்தது. கால் அகல விரியும்போது இழுவை துணிமேல் விழும், தையல்மேல் விழாது. முழங்காலிலும் உள்தொடையிலும் அதே துணியில் இரட்டை அடுக்கு. மேல் அடுக்கு தனி ஒட்டாக இருந்தால், தேய்ந்ததும் பிரித்துப் புது ஒட்டு போடலாம், முழுப் பேன்ட்டையும் தூக்கிப்போட வேண்டாம். காலின் உள்பக்கத் தையலை அரை அங்குலம் முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளிவிட்டால் அது நேராக மரத்தில் உராயாது.

இடுப்பு இன்னும் முக்கியம். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினால் சாதாரணப் பேன்ட் பின்னால் இறங்கும். அதனால் பின்பக்க உயரத்தை இரண்டு அங்குலமாவது கூட்டித் தைக்க வேண்டும். பெல்ட் வேண்டாம், வயிற்றை மரத்தோடு ஒட்டி ஏறும்போது பக்கிள் குத்தும். பக்கவாட்டில் எலாஸ்டிக்கும் முன்னால் நாடாவும் போதும். பாதுகாப்புக் கயிற்றின் தொடை வார் விழும் இடத்தில் பையோ தடித்த தையலோ இருக்கக் கூடாது. பை வைப்பதானால் ஒன்றே ஒன்று, தொடையின் வெளிப்பக்கத்தில், மூடியோடு.

பழவேற்காட்டு ஏரிக்கரைக்கே உரிய ஒரு சங்கதியும் உண்டு. இங்கே காற்றில் உப்பு. இரும்புக் கொண்டியும் உலோக ஜிப்பும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டினால் பெரிய விஷயம். துருப்பிடித்த ஜிப் பாதியில் நின்றுகொள்ளும். துரு பட்ட துணி அங்கேயே இற்றுப்போகும். பிளாஸ்டிக் ஜிப், தடித்த பொத்தான் என்று தொடக்கத்திலேயே முடிவுசெய்ய வேண்டும். ஊருக்கு வெளியே உட்கார்ந்து மாதிரி வரைபவருக்கு இது தோன்றாது. கரையில் இருப்பவருக்குச் சொல்லவே தேவையில்லை.

நீளத்தில்தான் விவாதம். முழு நீளம் வைத்தால் கணுக்காலில் தளையோடு சிக்கும். பாதமும் கணுக்காலும் வெறுமையாக இருந்தால்தான் மரம் கையில், அதாவது காலில், பிடிபடும் என்று ஏறுகிறவர்கள் சொல்வதை நாம் நம்ப வேண்டும். அது அவர்கள் உடம்பின் அறிவு. முழங்காலுக்குக் கீழே கெண்டைச் சதை வரை வந்து நிற்கும் முக்கால் பேன்ட்டே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. கணுக்காலுக்கு மேலே தனியாகக் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்று கூட இருக்கலாம், வேண்டியவர் கட்டிக்கொள்ளட்டும். இதில் கடைசி வார்த்தை என்னுடையதாக இருக்கக் கூடாது.

வெளிநாட்டில் மரம் ஏறுபவர்களுக்கென்றே கால்சட்டை விற்கிறார்களே, அதை வாங்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஐரோப்பாவில் அதற்குத் தர நிர்ணயமே உண்டு, ஐஎஸ்ஓ 11393 என்று. முன்புறத்தை மட்டும் காக்கும் ஏ வகை, காலைச் சுற்றிலும் காக்கும் சி வகை என்று பிரிவுகள். ஆனால் அது சங்கிலி ரம்பத்துக்கு எதிரான கவசம். துணிக்குள்ளே நீள இழைகளை அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். ரம்பம் பட்டால் இழைகள் வெளியே இழுபட்டுச் சங்கிலியில் சுற்றி அதை நிறுத்திவிடும். நம் பனையில் ரம்பம் இல்லை, அரிவாள்தான். சித்திரை வெயிலில் அந்த அடுக்குகளைக் கட்டிக்கொண்டு நுங்கு வெட்ட ஏறினால், மரத்திலிருந்து விழாவிட்டாலும் மயங்கி விழலாம். அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: மரமேறுதல் ஒரு தொழில், அதற்கென்று ஓர் உடை உண்டு, அந்த உடைக்கு ஒரு தரம் உண்டு, தரத்துக்குக் கீழே யாரையும் ஏற்றக் கூடாது என்ற ஊரறிந்த ஒப்புதல்.

நமக்கு அந்த ஒப்புதல் இல்லாமல் போனது தற்செயல் அல்ல. பனையேறும் குடும்பங்கள் என்ன உடுத்தலாம் என்பதை நம் நாட்டில் நெடுங்காலம் மற்றவர்கள் தீர்மானித்தார்கள். தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்காக 1822 தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டு போராட வேண்டியிருந்தது. 1859 ஜூலை 26-ஆம் தேதி வந்த அரச அறிவிப்புகூட, மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. மேலே துணி போடத் தடை போட்ட சமூகம், கீழே கிழிந்த துணியைப் பற்றிக் கவலைப்பட்டிருக்குமா? கோவணத்தோடு ஏறுவதுதான் பனையேறுதல் என்ற படம் நம் மனத்தில் பதிந்ததற்கு வெயில் மட்டும் காரணமல்ல.

பழவேற்காட்டின் கதை இன்னும் விநோதம். இந்த ஊர் உலக வரைபடத்தில் ஏறியதே துணியால்தான். டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டிக்கொண்டு, 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை, சோழமண்டலக் கரையின் துணியை வாங்கித் தென்கிழக்காசியத் தீவுகளுக்கு அனுப்பி, அதற்கு ஈடாக நறுமணப் பொருள் வாங்கினார்கள். கட்டம்போட்ட வண்ணக் கைக்குட்டைக்கு ஆங்கிலத்தில் ‘புலிகாட்’ என்றே பெயர் விழுந்தது. உலகத்துக்குத் துணி கொடுத்த துறைமுகத்தில், மரம் ஏறுபவருக்கு ஒரு பேன்ட் தைத்துக் கொடுக்க யார் பொறுப்பு என்று இன்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பொறுப்பு யாருடையது என்பதுதான் சிக்கல். ஆலையில் வேலை செய்பவருக்குத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அங்கே முதலாளி என்று ஒருவரைச் சுட்டலாம். பனையில் அப்படிச் சுட்ட ஆள் கிடையாது. மரம் ஒருவருடையது, அல்லது புறம்போக்கில் நிற்பது. ஏறுபவருக்கு மரத்துக்கு இவ்வளவு, கட்டுக்கு இவ்வளவு என்று கூலி. ஓலையை வாங்குபவர் ஒரு வியாபாரி, பின்னுகிறவர் ஒரு பெண், விற்பவர் வேறு ஒருவர். ஆளுக்கு ஆள் கைகாட்டிவிட்டுப் போய்விடலாம், யாரும் பொய் சொன்னதாகாது. இப்படிப்பட்ட இடத்தில் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதால் பயனில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. பனைமரத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது; பதிவுசெய்தவர்களுக்கு விபத்து உதவி, ஓய்வூதியம், பிள்ளைகளின் படிப்புக்கு உதவி என்று வழிகள் உண்டு. இவற்றில் பெரும்பகுதி விழுந்த பிறகு வரும் பணம், அல்லது ஏற முடியாமல் போன பிறகு வரும் பணம். பனை 1978 முதல் மாநில மரம். 2021-இல் வந்த தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்தது. 30 மாவட்டங்களில் 76 லட்சம் விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் என்றது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றும் சொன்னது. கடலோர மாவட்டங்களில் ஒரு கோடி பனை விதை நடும் இயக்கமும் பின்னர் நடந்தது. மாணவர்கள் வரிசையாக நின்று விதை ஊன்றும் படங்களைப் பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஊன்றிய விதை பலன் தரும் மரமாகப் பதினைந்து ஆண்டாவது ஆகும். அன்றைக்கு அதில் ஏற யார் இருப்பார்கள்? மரத்தை வெட்டக் கூடாது என்ற உத்தரவுக்கு இருக்கும் அக்கறையில் பத்தில் ஒரு பங்காவது மரத்தில் ஏறுபவரின் தொடைக்கு வேண்டாமா?

மற்ற இடங்களைப் பாருங்கள். தெலங்கானா அரசு 2024 ஜூலையில், கள் இறக்குவோர் வணங்கும் காட்டமய்யாவின் பெயரிலேயே ‘ரக்ஷா கவசம்’ என்று ஒரு பாதுகாப்புத் தொகுப்பைக் கொடுக்கத் தொடங்கியது. பிடி நழுவினாலும் ஆள் கீழே போகாமல் கயிறும் வாரும் தாங்கும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் ‘தென்னை மர நண்பர்கள்’ என்று இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஏறும் கருவியும் காப்பீடும் கொடுத்தது. கேரளத்தின் செம்பேரியைச் சேர்ந்த அப்பச்சன் என்ற எம்.ஜே. ஜோசப் உருவாக்கிய அந்த மிதிகருவியைத் தென்னையில் இன்று பலர் பயன்படுத்துகிறார்கள். அடி பருத்து, மேலே போகப்போக மெலிந்து, மட்டைத் தழும்போடு நிற்கும் பனைக்கு அது அப்படியே பொருந்தாது. கருவி வரும் வரை பனையில் உடம்புதான் கருவி. உடம்பின் மேல் இருப்பது துணி.

கயிறு அல்லவா முதலில் வேண்டும், விழுந்தால் உயிர் போகுமே, நீங்கள் பேன்ட்டைப் பற்றி எழுதுகிறீர்களே என்று ஒரு வாசகர் கேட்டால் அது நியாயமான கேள்வி. கயிறும் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் விழுதல் என்பது என்றோ நடப்பது. தோல் தேய்வது ஒவ்வொரு ஏற்றத்திலும் நடப்பது. தொழிலை விட்டுப் போகிறவர்களில் பலர் விழுந்ததால் போகவில்லை. காலும் இடுப்பும் இனி முடியாது என்று சொல்லிவிட்டதால் போகிறார்கள். கயிற்றின் வாரைக் கைலிக்கு மேல் கட்ட முடியாது, வெறும் தொடையில் கட்டினால் அறுக்கும். கயிறு கொடுத்தும் பலர் போட்டுக்கொள்ளாமல் விடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இளைஞர்களிடம் இன்னொன்றும் உண்டு. கிழிசலோடு ஊருக்கு நடுவே மரத்தில் நிற்கக் கூச்சம். மின்வாரிய ஊழியர் கம்பத்தில் ஏறும்போது ஊர் அவரை ஒரு தொழிலாளியாகப் பார்க்கிறது, அந்தக் காக்கிக்கு அதில் பங்குண்டு.

இப்போது செலவு. ஒரு பேச்சுக்கு, ஒரு கால்சட்டை ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாற்றித் துவைக்க ஆண்டுக்கு இரண்டு. ஒருவர் ஆண்டில் நாலாயிரம் குருத்து வெட்டுவார் என்றும் வைத்துக்கொள்வோம். ஓலைக்கு ஐம்பது காசு வருகிறது. உண்மைக் கணக்கு கூடலாம், குறையலாம். ஏறுகிறவர்களோடு உட்கார்ந்து போட்டால் தெரிந்துவிடும். ஆனால் அந்த ஐம்பது காசு யார் பையிலிருந்து போக வேண்டும் என்பதில் நாம் தெளிவாக இருக்க வேண்டும். பின்னுகிற பெண்ணின் கூலியில் அதைக் கழிக்கக் கூடாது. நாள் முழுவதும் குனிந்து பின்னி அவர் காண்பது ஏற்கெனவே சொற்பம். ஓர் ஏழையின் காலை மூட இன்னோர் ஏழையின் கையைக் குறைப்பது பகிர்வு ஆகாது. பெட்டியின் விற்பனை விலையில் அது ஏற வேண்டும். தாம்பூலப் பெட்டி வாங்கும் கல்யாண வீட்டார் பெட்டிக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடக் கொடுத்தால் மண்டப வாடகைக்கு முன்னால் அது கண்ணுக்கே தெரியாது. ஓலை வியாபாரி கட்டுக்கு இவ்வளவு என்று ஒரு பங்கு போட வேண்டும். நுங்குக்கும் ஓலைக்கும் மரத்தைக் குத்தகைக்கு விடுபவர் தன் குத்தகையில் ஒரு பங்கு விட வேண்டும்.

பகிர்ந்துகொள்ளும் பழக்கம் இந்தக் கரைக்குப் புதிதல்ல. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கும் பாடு முறை தலைமுறைகளாக இங்கே இருக்கிறது. நல்ல இடமும் மோசமான இடமும் எல்லோருக்கும் சுற்றி வரும். காவல் நிலையத்தைத் தேடிப் போகாமல் ஊரே பேசித் தீர்த்துக்கொள்ளும் ஒழுங்கு அது. அதைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம். அதற்குள் இடம் கிடைக்காதவர்களும் இதே கரையில் இருக்கிறார்கள். ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்குப் பாடு முறையில் பங்கு இல்லை. அதனால் ஓலைக்கு ஓர் ஒப்பந்தம் போடும்போது அந்தக் குறையையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடக் கூடாது. யார் மரம் ஏறினாலும், எந்தச் சாதியானாலும், வாரியத்தில் பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பருவத்துக்கு மட்டும் ஏறுபவராக இருந்தாலும், அவருக்கு உடுப்பு உண்டு என்றே எழுத வேண்டும்.

யார் கூட்டுவது? ஊராட்சி கூட்டலாம், கிராமசபையில் ஒரு தீர்மானமாக வைக்க இதில் தடை எதுவும் இல்லை. பணத்தை வைத்திருப்பது பின்னும் பெண்களின் சுய உதவிக் குழுக்களாக இருந்தால் நல்லது, கணக்கு எழுதும் பழக்கம் அவர்களிடம்தான் இருக்கிறது. நல வாரியம் கால்சட்டையைத் தன் உதவிப் பட்டியலில் சேர்த்து முதல் ஜோடியைக் கொடுக்கலாம். மற்றவை ஓலைப் பங்கிலிருந்து வரட்டும். சென்னையில் தரமணியில் தேசிய ஆடை வடிவமைப்புக் கல்லூரி இருக்கிறது. அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இருக்கிறது; உள்தொடை ஒட்டுக்கும் நெஞ்சுப் பட்டைக்கும் இலேசான தோல் எது என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்கு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர்தான். மாணவர்கள் வரட்டும், ஆனால் பரிசு வாங்கும் மாதிரி ஒன்றைச் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்காக அல்ல. நம் ஊரில் இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் ரிப்பன் வெட்டியதோடு முடிந்துபோகின்றன. தைப்பது உள்ளூர்த் தையல் கடையாக இருக்க வேண்டும். கிழிந்தால் மறுநாளே கொண்டுபோய்க் கொடுக்க முடிய வேண்டும்.

மொத்தமாக ஐந்நூறு ஜோடி வாங்கி, மூன்றே அளவில் மூட்டையாக இறக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும் வழக்கமான முறை இதற்கு ஆகாது. அளவு எடுப்பதே வேறு மாதிரி. ஏறுகிறவரை நேராக நிற்கவைத்து நாடா பிடிக்காமல், குத்துக்காலிட்டு உட்காரச் சொல்லி, பிறகு ஒரு தூணைக் கட்டிப்பிடித்து முழங்காலை மடக்கச் சொல்லி அளக்க வேண்டும். பத்துப் பேருக்கு மட்டும் முதலில் தைப்போம். துணிக்கடை ரசீதைக் குழுவின் நோட்டில் ஒட்டிவைப்போம். அவர்கள் ஒரு நுங்குப் பருவம் முழுவதும் அதில் ஏறி இறங்கிவிட்டு, கிழிந்ததைத் துவைக்காமல் அப்படியே கொண்டுவந்து தையல்காரர் மேசையில் போடட்டும். அடுத்த ஜோடிக்கு எந்த இடத்தில் கத்தரி வைப்பது என்பதை அந்தக் கிழிசலைப் பார்த்து அவர்களே சொல்வார்கள்.